வடிகட்டி விழுங்கிய இருபத்தொரு நிமிடம்

ராணுவத்தில் எது கெட்டுப்போனாலும் பழி போட ஓர் ஆள் வேண்டும். ஆள் சிக்காவிட்டால் மழை. மழையும் பெய்யாவிட்டால் சூரியன். மழை மேல் போட்ட பழியை யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. சூரியன் மேல் போடுகிற பழியைச் சரிபார்க்க மட்டும் தனியாக ஓர் அலுவலகமே இருந்தது. அங்கே பதினாறு வருஷமாக நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் சூரியக்கா என்று கூப்பிட்டார்கள்.

விண்வெளி வானிலைப் பிரிவு என்று வாசலில் பலகை. பலகையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. உள்ளே நான்கு மேஜை, ஏழு திரை, சொட்டுகிற ஏசிக்குக் கீழே ஒரு வாளி, அவ்வளவுதான். சூரியன் தும்மினால் கீழே யாருக்குச் சளி பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அங்கே வேலை. சூரியனில் வெடிப்பு கிளம்பினால் ரேடியோ அடைத்துக்கொள்ளும், ஜிபிஎஸ் பக்கத்து மலையைக் காட்டும், செயற்கைக்கோள் தடம் பிசகும். அதனால் தினமும் காலை ஆறு மணிக்கு எல்லா முகாம்களுக்கும் ஒரு தாள் போகும்: இன்று பச்சை, இன்று மஞ்சள், இன்று சிவப்பு. அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக்கடை வைத்திருந்தார். சூரியனைத் தன் மனைவியின் கூடப்பிறந்தவனாக வைத்துப் பேசுவது அவர் வழக்கம். கடையைப் பூட்டிவிட்டு வந்ததும், "மச்சான் இன்னிக்கு எப்படி, ஒழுங்கா இருந்தானா?" என்றுதான் விசாரிப்பார்.

இன்னொரு வேலையும் உண்டு. எங்காவது ஒரு முகாமில் ரேடியோ பேசாமல் போனால், அதை விசாரிக்கிறவர்கள் இளஞ்சிவப்புத் தாள் ஒன்றை இங்கே அனுப்புவார்கள். அதில் ஒரே கேள்வி: இன்ன தேதி, இன்ன நேரம், கோளாறுக்குச் சூரியன் காரணமா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆம் என்றால் சம்பந்தப்பட்டவன் தப்பித்தான். இல்லை என்றால் அவன் பாடு. பத்தில் ஒன்பதுக்குச் சூரியக்கா இல்லை என்றுதான் போடுவாள். கல்நெஞ்சம் ஒன்றும் இல்லை. பேட்டரியைச் சார்ஜ் போட மறந்தவன், செட்டைத் தண்ணீரில் நழுவவிட்டவன், சீட்டாடிக்கொண்டிருந்தவன் எல்லோருக்கும் கடைசி நேரத்தில் சூரியன் ஞாபகம் வந்துவிடுகிறது. வாயில்லாத ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் அவளுக்குப் பொறுக்காது.

சரிபார்க்க வெளியே யாரையும் கேட்கவும் முடியாது. உலகத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிற கூடங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் "போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு ஏதாவது நடந்ததா?" என்று ராணுவம் வெளியே கேட்டால், அந்த நேரத்தில் அவர்களுக்கு எங்கோ அடி விழுந்திருக்கிறது என்று கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சொந்தக் கருவி என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. சொந்தக் கருவி என்பது கட்டடத்துக்குப் பின்னால், வண்டி பழுது பார்க்கும் கொட்டகையை ஒட்டி நிற்கும் ஓர் ஆன்டெனா. காலையிலிருந்து மாலைவரை சூரியனையே பார்த்துத் திரும்பிக்கொண்டு, அதிலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைக் கோடாக வரையும்.

வினை அந்தக் கொட்டகையில் இருந்துதான் வந்தது. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கவென்று வெல்டிங்காரர் ஏழு மணிக்கே பொறி பறக்கவிட ஆரம்பிப்பார். ஒவ்வொரு பொறிக்கும் ஆன்டெனாவின் கோடு தூக்கிவாரிப்போட்டது மாதிரி எகிறும். சூரியக்கா போய்ச் சொல்லிப் பார்த்தாள், சண்டை போட்டாள், கர்னலிடம் எழுதிக் கொடுத்தாள். கொட்டகையை நகர்த்த யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் அவளே கணினியில் உட்கார்ந்து ஒரு வடிகட்டி எழுதினாள். காலை ஏழிலிருந்து பத்துக்குள் கோடு எகிறினால், அதே நேரம் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே கருவி சூரியன் சும்மா இருக்கிறது என்று சொன்னால், அது வெல்டிங். எகிறலை வெட்டி எறிந்துவிட்டு, முன்னும் பின்னும் இருக்கிற அளவைச் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடு. மறுநாளிலிருந்து பதிவு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்று முழுக்க அவள் வாயெல்லாம் பல்லாக இருந்தாள். கணவரிடம்கூடப் பீற்றிக்கொண்டாள்.

அது நடந்து மூன்று வாரம் கழித்து ஒரு மலைமுகாமிலிருந்து இளஞ்சிவப்புத் தாள் வந்தது. காலையில் முகட்டுக்கு ரோந்து போன குழுவில் ஒருவர் வழுக்கி விழுந்து, கால் பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. குழுவின் ரேடியோ அவரிடம்தான் இருந்தது, விழுந்த இடத்திலிருந்தே முகாமைக் கூப்பிட்டார். இருபத்தொரு நிமிடம் கூப்பிட்டார். கீழேயிருந்து பதில் இல்லை. ரோந்துக் குழு கூப்பிட்டால்தான் முகாம் பதில் பேச வேண்டும், தானாகப் பேசக் கூடாது என்பது அங்கே ஒழுங்கு. பதில் வந்து, ஆள் போய், தூக்கிக்கொண்டு வருவதற்குள் காலில் ரத்த ஓட்டம் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முகாம் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயர்லெஸ்காரர் தூங்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. தூங்கவில்லை, செட்டில்தான் ஏதோ கோளாறு என்பது அவர் வாதம். செட்டைப் பிரித்துப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. எதிரி இரைச்சல் கிளப்பினானா என்று தேடினார்கள், அந்தத் திசையில் மனித வாடையே கிடையாது. மிச்சம் இருந்தது சூரியன்.

சூரியக்கா பதிவைத் திறந்து அந்த நேரத்தைப் பார்த்தாள். கோடு அமைதியாக இருந்தது. இல்லை என்று டிக் அடித்தாள், கையெழுத்துப் போட்டாள், எழுந்துபோய் டீ குடித்தாள்.

பதினெட்டு நாள் கழித்து அதே வயர்லெஸ்காரரிடமிருந்து அவள் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல். இல்லை என்று எழுதினால் விடமாட்டார்கள், கெஞ்சுவார்கள், குழந்தை குட்டி என்று எழுதுவார்கள், படித்தால் மனசு கெட்டுப்போகும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டில் போட்டாள். அதன் மேல் வேறு காகிதங்கள் விழுந்தன. ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது.

பத்தாம் நாள் காலை மேலிடத்திலிருந்து தகவல் வந்தது: நாளை மறுநாள் வயர்லெஸ்காரரின் கடைசி விசாரணை, தேவைப்பட்டால் தொலைபேசியில் கேட்போம், தயாராக இருக்கவும். கோப்பில் சேர்ப்பதற்காகத்தான் அவள் அந்த உறையைக் கிழித்தாள்.

குழந்தை குட்டி பற்றி ஒரு வரி இல்லை. கையெழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையுடையது போல நிதானமாக இருந்தது.

"மதிப்பிற்குரிய அம்மாவுக்கு. இல்லை என்று நீங்கள் எழுதியதைக் காட்டினார்கள். உங்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். செட் ஊமையாகவில்லை, இரைந்தது. தகரக் கூரையில் மழை பிடித்தது மாதிரி ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினேன், இரைச்சல் இறங்கியது. மறுபடி கிழக்கே முகட்டைப் பார்த்துத் திருப்பினேன், ஏறியது. என் ஆட்கள் கிழக்கே இருந்ததால் கிழக்கேயே வைத்துக்கொண்டு கேட்டேன். ஏழு முப்பத்தைந்துக்குக் குழாயை மூடினது மாதிரி நின்றுவிட்டது. இது எதனால் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்."

அவளுக்குத் தெரிந்தது. கடைசி வரியை எட்டுவதற்கு முன்பே தெரிந்தது. தூங்கினவனுக்கு இரைச்சல் எந்தத் திசையில் ஏறும், எந்தத் திசையில் இறங்கும் என்று சொல்ல வராது. கதை கட்டுகிறவன், செட் செத்துப்போச்சு என்று கட்டுவானே தவிர, தெற்கே திருப்பினால் குறைந்தது என்று கட்ட மாட்டான். காலை ஏழே காலுக்குக் கிழக்கே, முகட்டுக்குக் கொஞ்சம் மேலே என்ன இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

பதிவை மறுபடி திறந்து, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சூரியன் சும்மா இருக்கும்போதுகூட அதன் கோடு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். ஏழு பதினான்கிலிருந்து ஏழு முப்பத்தைந்து வரை கோட்டில் நடுக்கமே இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது. இழுத்தவள் அவள்தான்.

வடிகட்டி தான் வெட்டி எறிவதையெல்லாம் ஒரு பட்டியலில் குறித்து வைக்கும். அந்தப் பட்டியலை அதுவரை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. திறந்தாள். அந்தத் தேதிக்கு ஒரே ஒரு வரி: ஏழு பதினான்கு முதல் ஏழு முப்பத்தைந்து வரை, நீக்கப்பட்டது இருபத்தொரு நிமிடம், உயரம் கருவியின் உச்ச அளவு. மற்ற நாட்களில் எல்லாம் பதினைந்து செகண்ட், நாற்பது செகண்ட், அதிகம் போனால் இரண்டு நிமிடம். எந்த வெல்டிங்காரர் இருபத்தொரு நிமிடம் கையை எடுக்காமல் பற்ற வைப்பார்? இவ்வளவு நேரத்துக்கு மேல் போனால் வெட்டாதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுத விட்டுப்போயிருந்தது. எக்ஸ்ரேயில் அசையாமல் ரேடியோவில் மட்டும் சூரியன் கத்துவது அபூர்வம். பதினாறு வருஷத்தில் நான்கு தடவை அவளே பார்த்திருக்கிறாள். வடிகட்டி எழுதிய அன்று வெல்டிங்காரர் மேல் இருந்த கோபத்தில் அந்த நான்கும் நினைவுக்கு வரவில்லை.

கொட்டகைக்கு ஓடினாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று வெல்டிங்காரர் முகமூடியைக் கழற்றாமலே நின்றார். தேதியைச் சொல்லி, அன்று காலை என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"அன்னிக்கா? அன்னிக்கு நான் வரவே இல்லக்கா. பல்லு பிடுங்கப் போயிருந்தேன். மூணு நாள் கொட்டாய் பூட்டிதான் கிடந்துச்சு. நீங்ககூட நிம்மதியா இருந்திருப்பீங்க."

அவள் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். முகமூடியைக் கழற்றி, ஒரு பெயிண்ட் டின்னின் தூசியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று நாளையும் நகலெடுத்துத் தரச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வெட்டுவதற்கு முந்தைய மூலப் பதிவு கிடைத்தால் எல்லாம் முடிந்தது. கணினி அதை முப்பது நாள் வைத்திருக்கும், பிறகு அதன் மேலேயே புதிது எழுதிக்கொள்ளும். அவள் தேதிகளைக் கணக்குப் போட்டாள். சம்பவம் நடந்து அன்று முப்பத்து மூன்றாம் நாள். கடிதம் வந்து தட்டில் விழுந்தபோது இருபத்து நான்காம் நாள். உறையை அன்றே கிழித்திருந்தால் மூலப் பதிவு கையில் இருந்திருக்கும். விரல் விட்டு இரண்டாவது தடவையும் எண்ணிப் பார்த்தாள். அதேதான் வந்தது.

அன்று மாலை வீட்டில் கணவர் மச்சானை விசாரித்தபோது அவள் உட்காருங்கள் என்றாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முதலிலிருந்து சொன்னாள். யாரோ ஒருவர் செட்டுக்கு முன்னால் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் என்றும், அவர் தூங்கினார் என்று தான் எழுதாத குறையாக எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடையில தப்பான பவர் போட்டுக் குடுத்தா திரும்பி வந்து சண்டை போடுவாங்க. அது பரவாயில்ல, மாத்திக் குடுத்துரலாம். திரும்பி வராம, தலைவலியோட அதையே போட்டுக்கிட்டுத் திரியறவங்களை நெனச்சாதான் எனக்குப் பயம்," என்றார். "இவர் திரும்பி வந்துட்டார். மத்தவங்க எத்தனை பேரு?"

அவள் அதை யோசிக்கவே இல்லை. வடிகட்டி எழுதிய நாளிலிருந்து அவள் இல்லை என்று போட்டவை மொத்தம் பதினொன்று.

மறுநாள் காலை கர்னல் முன்னால் போய் நின்றாள். கோபம் ஏற ஏறக் குரலைத் தாழ்த்துகிறவர் அவர். அவள் சொல்லி முடித்தபோது அவர் பேசியது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. மூலப் பதிவு இல்லை, வெறும் பட்டியலில் ஒரு வரியும் ஒரு பல் வைத்தியமும் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு கையெழுத்தைத் திரும்ப வாங்குவதா என்று கேட்டார். பிறகு நேற்று அவள் கணவர் கேட்டதையே அவரும் கேட்டார்.

"இதை வாபஸ் வாங்கினா மத்த பத்தும் சந்தேகம்தான். நம்ம தாளை இனிமே எவன் நம்புவான்?"

"பத்தையும் திறந்து பார்க்கணும் சார். அது வரைக்கும் நம்பக் கூடாதுதான்."

"உங்க பேருலதான் எல்லாம் வரும். தெரியுமில்ல?"

தெரியும் என்றாள். மூலப் பதிவு போனதற்குக் காரணம் தன் தட்டில் ஒன்பது நாள் கிடந்த கடிதம் என்பதையும் அவளே சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரியாவதற்கு முன் அவரும் ஒரு மலைமுகாமில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவர்தான். தொலைபேசியில் சொன்னால் எடுபடாது, நேரில் போங்கள் என்று வண்டிக்கு எழுதிக் கொடுத்தார். திருத்திய தாளில் அவள் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார். விசாரணை முடியும்வரை நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று கடைசியில் சொன்னபோதுதான் அவர் குரல் வழக்கமான அளவுக்கு வந்தது.

விசாரணை நடந்த அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே தனியாக ஒரு நாற்காலியில் வயர்லெஸ்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, முகம்தான் கசங்கியிருந்தது. இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் போனவரும் அவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள், ஆறு வருஷம் ஒரே அறையில் படுத்தவர்கள் என்று வண்டி ஓட்டி வந்தவர் வழியில் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இவர் பார்க்கப் போனபோது அவர் பேச மறுத்து அனுப்பிவிட்டாராம்.

சூரியக்கா திருத்திய தாளை நீட்டியதும் மேஜையின் நடுவில் இருந்த தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, பரிவாகவே சொன்னார், "நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். அவரே ஒத்துக்கிட்டாரே."

அவள் புரியாமல் பார்த்தாள். தலைவர் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதே நிதானமான கையெழுத்து. தொடர்ந்த பணியின் அசதியில் நான் கண் அயர்ந்திருக்கலாம், நடந்ததற்கு வருந்துகிறேன் என்று இரண்டே வரி. தேதி நான்கு நாளைக்கு முந்தியது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பேசினாள். வெல்டிங், வடிகட்டி, எழுத மறந்த ஒரு வரி, பூட்டிக் கிடந்த கொட்டகை, பட்டியலில் இருக்கிற இருபத்தொரு நிமிடம் என்று எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். கேட்டவர்களுக்கு அதில் பாதி புரிந்திருக்கும். வலது பக்கம் இருந்த அதிகாரி, கருவியில் ஏதோ எகிறியது சரி, இவர் அந்த நேரத்தில் விழித்திருந்தார் என்பதற்கு அது எப்படிச் சான்று என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

அவள் வயர்லெஸ்காரர் பக்கம் திரும்பி, அந்த இரைச்சல் எப்படி இருந்தது என்று இவர்களிடம் சொல்லுங்கள் என்றாள். அவர் தலையைத் தூக்கினார்.

"சொல்லத் தெரியல மேடம். இரைச்சல் இருந்த மாதிரிதான் நெனச்சேன். அது கனவுலகூட வந்திருக்கலாம்னு சொன்னாங்க. இருக்கலாம்."

அவள் கைப்பையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள். தெற்கே திருப்பினேன், இறங்கியது, கிழக்கே திருப்பினேன், ஏறியது என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். அன்று காலை அந்த முகாமிலிருந்து பார்த்தால் சூரியன் எங்கே நின்றது என்று அவள் கணக்கிட்டது. முகட்டைப் பார்த்து வைத்த ஆன்டெனாவின் மூக்குக்கு நேரே நின்றது. தெற்கே திருப்பினால் விலகிப்போகும்.

"சூரியன் கத்திச்சுன்னு எனக்கே முந்தா நாள்தான் தெரியும். இவர் பதிமூணு நாளைக்கு முன்னாடியே எந்தத் திசையில கத்திச்சுன்னு எழுதியிருக்கார். ஏழு முப்பத்தஞ்சுக்கு நின்னுச்சுன்னு எழுதியிருக்கார். என் பட்டியல்லயும் ஏழு முப்பத்தஞ்சுதான். தூங்கிட்டு இருந்தவரால இதை எழுத முடியாது சார். இவர் முழிச்சுக்கிட்டு, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார்."

மூவரும் காகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. வயர்லெஸ்காரர் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப நான் தூங்கலையா?"

தலைவர் கோப்பை மூடி வைத்துவிட்டு, தீர்ப்பை எழுத்தில் தருவதாகவும், இந்த ஒப்புதல் காகிதத்தைத் தான் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றும் சொன்னார். அறையை விட்டுப் போகும்போது வலது பக்க அதிகாரி வயர்லெஸ்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வெளியே நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. வயர்லெஸ்காரர் அதில் உட்கார்ந்தார். சூரியக்கா நின்றுகொண்டே, தன்னிடம் இன்னும் ஒன்று சொல்ல மிச்சம் இருக்கிறது என்று, கடிதம் வந்து ஒன்பது நாள் பிரிக்காமல் கிடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். உள்ளே மூன்று அதிகாரிகளிடம் பேசியதைவிட இது கஷ்டமாக இருந்தது.

அவர் மனசுக்குள் எதையோ எண்ணிப் பார்த்தார்.

"லெட்டர் வந்து சேர்ந்திருக்கும்னு கணக்குப் போட்டு ஏழு நாள் பார்த்தேன் மேடம். பதில் வரல. சரி, மேடமுக்கே தெரியலன்னா அப்படி ஒண்ணும் நடந்திருக்காதுன்னு நெனச்சேன். அதுக்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். சும்மா பயந்துபோய் போடல. உண்மையிலயே தூங்கிட்டேன்னுதான் போட்டேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். கேட்டிருக்கிறேன், எங்கள் கருவியில் ஒலியாக மாற்றிக் கேட்கலாம் என்றாள். அப்படியானால் நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். முதலில் தூரத்தில் மழை வருகிற மாதிரி. அப்புறம் கூரை மேலேயே. நடுநடுவே யாரோ சரளைக் கல்லை வாரி இறைக்கிற மாதிரி. உச்சத்தில் போனபோது இரைச்சலுக்கு உள்ளேயே அலை அலையாக ஏறி இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமாம் என்றாள். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு மாதமாக அவரிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டதைத் தான் ஒவ்வொன்றாக அவருக்குத் திருப்பிக் கொடுப்பதாக அவளுக்குத் தோன்றியது.

பிறகு அவர் பேச்சை நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

"அப்ப அவன் கூப்பிட்டது அதுக்குள்ளதான் இருந்திருக்கு, இல்ல மேடம்?"

இந்த மனிதரிடம் இனி எதையும் மென்று முழுங்க அவளுக்கு உரிமை இல்லை.

"ஆமா. அதுக்குள்ளதான் இருந்திருக்கும்."

"இருபத்தொரு நிமிஷமும் நான் அதைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்," என்றார் அவர். "அவன் என் காதுலதான் கூப்பிட்டிருக்கான்."

அவர் குனிந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நடைபாதையில் போன குமாஸ்தா ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோலத் தாண்டிப் போனார். கீழே வண்டி ஹாரன் அடித்தது. சூரியக்கா எழுந்து ஜன்னலுக்குப் போய், ஓட்டுநரைப் பார்த்து, நேரமாகும் என்று கையால் காட்டினாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், சாயங்காலம் பார்வையாளர்களை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள்.